ஒரே கப்பலில் வந்தவர்கள்

காத்ர் போர்ன்
8 மார்ச் 1931

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி வீரசாமி வணங்கி எழுதுவது. நானும் பாக்கியமும் சிவகாமியும் இருக்கிறபடி இருக்கிறோம். இந்த மழையில் பாக்கியத்துக்கு இழுப்பு கூடிவிட்டது. உங்கள் பக்கம் காற்றில் கரும்பு சாய்ந்ததாகச் சொன்னார்கள். முழங்கால் வலி எப்படி என்று எழுதுங்கள்.

நம் சிவகாமிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்கு முப்பது வயது. போர்லூயிப் பட்டணத்தில் ஒரு பெரிய இறக்குமதிக் கம்பெனியில் ஏஜென்ட். அங்கே அவனைத் துரை மாதிரி மிஸ்யே ஃபிலிப் என்று கூப்பிடுகிறார்கள். நம் ஜனம்தான், வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன். அவன் வேலையை உங்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். கடையில் உட்கார்ந்து விற்கிறவன் இல்லை. கம்பெனிக்குப் புதுச் சோப்பு வந்தாலும், டப்பாப் பால் வந்தாலும், கரும்புக்குப் போடும் சீமை உரம் வந்தாலும், ஊர் ஊராகக் கொண்டு போய் ஜனங்களுக்கு அதைப் பழக்கிவிடுவது அவன் வேலை. அவன் வந்து போன மறுவாரம் சீனன் கடையில் எல்லோரும் அந்தச் சரக்கைக் கேட்டு நிற்பார்கள். மோட்டார் வண்டியும் கிராமபோன் பெட்டியும் கம்பெனி கொடுத்தது.

கோயில் தையல் வகுப்புக்கு ஒருநாள் புது நூல் கொண்டுவந்து காட்டினானாம். சிவகாமி எழுந்து, இந்த நூல் இரண்டாம் துவைப்பிலேயே சாயம் விடும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அடுத்த மாதம் அந்த நூலைக் கம்பெனி வரவழைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். இவளுக்கும் இஷ்டம்தான். கேட்டால் உள்ளே போய்விடுகிறாள்.

உங்கள் வாக்கு இல்லாமல் நம் வீட்டில் எந்த வெற்றிலை பாக்கும் மாறியதில்லை. பதில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
வீரசாமி

ரிவியேர் டு ராம்பார்
19 மார்ச் 1931

தம்பி வீரசாமிக்கு,

அக்கா அலமேலு எழுதுவது. என் முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. ஒரு அர்ப்பான் நிலத்துக் கரும்பு படுத்துவிட்டது. மற்ற இரண்டும் நிற்கின்றன. பாக்கியத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே.

நீ எழுதின வேலையை மூன்று தரம் படித்தேன். விற்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை, ஆனால் சம்பளம் உண்டு. வேண்டாம் என்று இருந்தவனை வேண்டும் என்று சொல்ல வைக்கிறவன். அந்தத் திறமையை உன் வீட்டில் காட்டியாயிற்று என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. நூலை நிறுத்தினது மட்டும் எனக்குப் பிடித்தது.

மோட்டார் வண்டியைப் பார்த்துப் பெண் கொடுக்கிறதில்லை. உன் கல்யாணத்தில் உன் மாமனார் வீட்டார் பெரிய பந்தல் போட்டார்கள். என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள், பாயசம் தீர்ந்துவிட்டது என்றார்கள். முப்பத்திரண்டு வருஷமாகிறது. நான் மறந்துவிட்டேன் என்று பாக்கியம் நினைக்க வேண்டாம். அதை அவளுக்குப் படித்துக் காட்டு.

ஃபிலிப் என்பது கம்பெனிக்காரர்கள் வைத்த பேர். வீட்டில் வைத்த பேர் என்ன? தாத்தா பேர் என்ன? எந்தத் தோட்டத்துக் கூலிக் காம்பில் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார்கள்? வேலையில்லாத நாளில் அவன் என்ன செய்கிறான்? ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறானோ அதுதான் அவன். எல்லாம் எழுது, பிறகு என் வாக்கைக் கேள்.

சிவகாமியை நான் கேட்டதாகச் சொல். போன தைக்கு அவள் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன்.

அலமேலு

காத்ர் போர்ன்
2 ஏப்ரல் 1931

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாக்கியம் சிரித்தாள், பிறகு இருமினாள். அடுத்த விசேஷத்தில் பாயசத்தை உங்கள் வாசலுக்கே கொண்டுவருகிறாளாம்.

நீங்கள் கேட்டதை எல்லாம் விசாரித்துவிட்டேன். பையன் பிறந்து வளர்ந்தது ரோஷ் புவாவில். பன்னிரண்டு வயதில் துறைமுகத்துக் கிடங்கில் பெட்டிக்கு ஆணி அடிக்கப் போயிருக்கிறான். பிறகு சைக்கிளில் பசை வாளியை மாட்டிக்கொண்டு சுவர் சுவராகக் கம்பெனிப் படம் ஒட்டியிருக்கிறான். ஒருமுறை மார்செல் என்கிற மேனேஜர், நீ ஒட்டின ஊரில் மட்டும் சரக்கு ஏன் தீர்கிறது என்று கேட்டாராம். ஆற்றில் துணி துவைக்கும் பெண்களில் யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்வேன், அவள் கையில் ஒரு கட்டிச் சோப்பைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவேன் என்றானாம். அன்றிலிருந்து உத்தியோகம் உயர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவான். மாலையில் கோயில் பஜனையில் தாளம் தட்டுவான், பாடமாட்டான். இன்னொரு பைத்தியமும் உண்டு. ஒரு காமிரா வைத்திருக்கிறான். எந்த ஊருக்குப் போனாலும் கப்பலில் வந்த கிழவர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடி, அவர்கள் கையில் அவர்களுடைய பழைய குடியேற்ற டிக்கெட்டைக் கொடுத்துப் படம் எடுக்கிறான். எந்த வருஷம், எந்த ஊர், எந்தக் கப்பல் என்று கேட்டுப் பின்னால் எழுதிவைக்கிறான். எதற்கு என்று கேட்டேன். இவர்கள் போய்விட்டால் யாரைக் கேட்பது என்றான்.

வீட்டில் வைத்த பேர் ராமசந்திரன். இங்கே எல்லோருக்கும் ஆனது போல, வந்திறங்கிய தாத்தாவின் பேரே குடும்பப் பேராகிவிட்டது. ராமசந்திரன் மருதை. தாத்தா மருதை கல்மேட்டுத் தோட்டத்தில் சர்தாராக, கூலிகளுக்கு மேஸ்திரியாக இருந்தவர். நீங்களும் நானும் பிறந்த அதே தோட்டம், அக்கா. இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நான் பிறந்த மாதமே காய்ச்சலில் போனார் என்பதைத் தவிர அப்பாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவும் சொன்னதில்லை, நீங்களும் சொன்னதில்லை. அந்த வீட்டில் அப்பாவைப் பார்த்தவர்கள் பேச்சு ஏதாவது மிச்சம் இருக்கும் அல்லவா?

சித்திரையில் நிச்சயம் வைக்கலாமா? உடனே எழுதுங்கள்.

வீரசாமி

காத்ர் போர்ன்
10 ஜூன் 1931

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். என் கடிதத்துக்குப் பதில் இல்லாமல் இரண்டு மாதம் ஆகிவிட்டது. தபால் ஆபீசில் இரண்டு முறை கேட்டேன். உங்கள் ஊரிலிருந்து வந்த தெய்வானையைக் கேட்டேன். நீங்கள் தினம் கரும்புக்குள் போய் வருவதைப் பார்த்ததாகச் சொன்னாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அதனால் தெரிந்துகொண்டேன்.

சித்திரை போய்விட்டது. பையன் வீட்டார் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். தபால்காரன் மணி கேட்டால் சிவகாமி தைப்பதை நிறுத்திவிடுகிறாள். அவன் தாண்டிப் போனதும் மறுபடி தைக்கிறாள்.

என்ன குறை என்றாலும் எழுதுங்கள். நீங்கள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை நான். என்னிடம் சொல்லாமல் இருக்க என்ன இருக்கிறது?

வீரசாமி

ரிவியேர் டு ராம்பார்
21 ஜூன் 1931

தம்பி வீரசாமிக்கு,

நடந்துகொண்டிருக்கிறேன், சாப்பிடுகிறேன். பல் ஒன்று விழுந்துவிட்டது. பாக்கியத்துக்கு இழுப்பு குறைந்ததா?

அந்தச் சம்பந்தம் வேண்டாம். மருதையும் நம் அப்பாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அம்மா என்னிடம் சொன்னது. ஒரே கப்பலில் வந்தவர்கள் கூடப் பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அண்ணன் தங்கை. நம் ஜனம் இந்தத் தேசத்தில் கால் வைத்த நாளிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறது. உன் பெரிய மச்சினிக்கு வந்த சம்பந்தமே இதனால்தான் நின்றது.

அப்பாவைப் பற்றி அந்த வீட்டில் கேட்காதே. கேட்க ஒன்றும் இல்லை.

மழை இல்லாமல் கரும்பு கணுக் கணுவாகக் குறுகிப் போகிறது. சிவகாமிக்கு வேறு இடம் பார்க்கலாம், அவளுக்கு என்ன குறை?

அலமேலு

காத்ர் போர்ன்
5 ஜூலை 1931

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். பாக்கியம் படுக்கையில் இருக்கிறாள். இழுப்பு பாதி, மனசு பாதி.

உங்கள் கடிதத்தைக் கோயில் பெரியவர்களிடம் கொண்டுபோனேன். அவர்களுக்குள் ஒருவர், கப்பல் வருஷம் எழுபதுக்கு மேல் ஆகிறதே, சரியாக ஞாபகம் இருக்குமா என்று கேட்டார். மற்றவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள். அலமேலு அம்மாள் சொன்னால் அதற்கு மேல் புத்தகம் இல்லை என்றார்கள். பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றுகூடச் சொல்லக்கூடியவர் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்னதைச் சிவகாமியிடம் சொன்னேன். சாயங்காலம் வரை தைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அத்தைக்கு ஞாபகம் தப்பாதுப்பா" என்றாள். அவ்வளவுதான்.

ராமசந்திரன் வந்தான். முறை என்றால் முறைதான், மாமா, என்றான். ஆனால் கப்பல் விஷயம் எழுத்தில் இருக்கும், போர்லூயியில் குடியேற்றப் புத்தகங்களைப் பார்க்கலாம், அதற்கு உங்கள் அப்பாவின் டிக்கெட் நம்பர் இருந்தால் சுலபம் என்றான். டிக்கெட் உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்றேன். உங்களை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னான். நான் தடுக்கவில்லை. அவனிடம் கோபமாகப் பேசாதீர்கள்.

வீரசாமி

ரிவியேர் டு ராம்பார்
2 ஆகஸ்ட் 1931

தம்பி வீரசாமிக்கு,

பாக்கியம் எழுந்து உட்கார்ந்தாளா? எனக்கு இந்தக் குளிரில் முட்டி மடங்கவில்லை. நின்றுகொண்டே சமைக்கிறேன்.

அவன் வந்தான். மோட்டார் வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். நான் உள்ளே கூப்பிடவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்தான். காப்பியும் கொடுக்கவில்லை.

"அத்தை, உங்க அப்பா டிக்கெட்டு இருக்குங்களா?" என்றான்.

"எரிஞ்சு போச்சு."

"எந்த வருஷம்?"

"நீ சோப்பு விக்க வந்தியா, வெசாரணைக்கு வந்தியா?"

சிரித்தான். அவன் தாத்தாவுக்கும் இப்படித்தான் மூக்கு ஒரு பக்கம் சுருங்கும். இன்னும் ஏதோ இரண்டு வார்த்தை பேசினான், நான் காதில் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். சம்பந்தம் நின்றுவிட்டது, ஆனால் ஊர் வாய் நிற்காது. இத்தனை மாதம் வந்து போனவன், வேண்டாம் என்றார்கள், ஏன் என்று பேசுவார்கள். அந்தப் பெண்ணுக்கு வேறு வரன் வராது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் பெரியவர்களைக் கூட்டிவைத்து, சிவகாமி கையால் அவனுக்கு வேட்டி கொடுக்கச் சொல், அண்ணா என்று கூப்பிடச் சொல். கப்பல் முறையைச் சாமி முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் பேச முடியாது.

நான் வரமாட்டேன். மாட்டுக்கு ஆள் இல்லை.

அலமேலு

ரோஷ் புவா
10 ஆகஸ்ட் 1931

பெரியவர் அலமேலு அத்தை அவர்களுக்கு,

ராமசந்திரன் மருதை நமஸ்காரம் செய்து எழுதுவது. உங்கள் கால் வலி குறையச் சாமியை வேண்டிக்கொள்கிறேன். எனக்குத் தமிழ் கோயிலில் படித்த தமிழ்தான். வீட்டில் கிரியோல், வேலையில் பிரெஞ்சு. பிழை இருந்தால் மன்னியுங்கள்.

இரண்டு சனிக்கிழமை போர்லூயியில் பழைய குடியேற்றப் புத்தகங்களைப் பார்த்தேன். நம்பர் இல்லாததால் நேரம் ஆனது. உங்கள் அப்பா சடையன் வந்தது 1858, நாகப்பட்டினத்தில் ஏறியிருக்கிறார். என் தாத்தா வந்தது 1864, சென்னையில் ஏறியவர். கப்பலின் பேரும் வேறு. இரண்டையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

காட்டாததற்குக் காரணம் உண்டு. உங்கள் அப்பா பேருக்கு எதிரே, 1873இல் துரையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனதற்காகப் பிடிபட்டவர், சிறையில் காய்ச்சலில் இறந்தவர் என்று இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. என் தாத்தா சாகிற வாரம் என் அப்பாவிடம் ஒரு பேச்சுப் பேசினார். எனக்குப் பன்னிரண்டு வயது, பக்கத்தில் இருந்தேன். "சடையன் மக அலமேலு, எட்டு வயசு. தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, அப்பன் எங்கம்மான்னு கேட்டேன். சொல்லிருச்சு. நான் போயி தொரைகிட்ட சொன்னேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கேட்ட பாவம் என்னுடையது, பிள்ளை மேல் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் அது தாத்தாவின் குற்றம். உங்கள் பேர் குற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டதே இல்லை.

உங்கள் வாசலில் காரணம் தெரியாமல் நான் சொன்னதை இப்போது தெரிந்தே சொல்கிறேன். எங்கள் வீட்டு மேல் கோபம் என்றால் அதைச் சொல்லி மறுங்கள், நான் தலை குனிந்து போய்விடுகிறேன். நீங்கள் கப்பலைச் சொன்னால் சிவகாமி என் தங்கை ஆகிவிடுவாள். அது திரும்பாது.

பழைய கதை எதையும் நீங்கள் மாமாவுக்கு எழுத வேண்டாம். கப்பல் விஷயத்தில் எனக்கு ஞாபகம் தவறிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். வயதானவர்களுக்கு வருவதுதான், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அது 21ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். உங்கள் எழுத்து வரும் என்று நம்பித்தான் வேட்டிக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு
ராமசந்திரன்

காத்ர் போர்ன்
23 ஆகஸ்ட் 1931

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாடும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாம் நீங்கள் சொன்னபடி முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ராமசந்திரன் வந்துவிட்டான். கம்பெனிக் கோட்டு இல்லாமல் வந்திருந்தான். என் கையைப் பிடித்து, ரிவியேர் டு ராம்பாரிலிருந்து தபால் ஏதாவது வந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். பூசை முடிந்து மேளம் நின்ற பிறகு மறுபடி அதையே கேட்டான். கோயில் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் ஏதாவது எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்களா?

பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பூசாரி வேட்டியைத் தட்டில் வைத்துச் சிவகாமியிடம் கொடுத்தார். அவள் எடுத்துக்கொண்டு நின்றாள். நிற்கிற நேரம் அதிகமாகிவிட்டது. "சொல்லும்மா" என்றார் பூசாரி.

"அண்ணா, வாங்கிக்குங்க."

அவன் இரண்டு கையாலும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். பெரியவர்கள் அட்சதை போட்டார்கள். எல்லோரும் சந்தோஷமாகத்தான் கலைந்தார்கள். நல்ல பையன், முறை தெரிந்தவன் என்று வழியெல்லாம் பேச்சு.

சிவகாமி தையல் வகுப்புக்குப் போவதில்லை. கேட்டால் கண் வலி என்கிறாள்.

வீரசாமி

ரிவியேர் டு ராம்பார்
30 நவம்பர் 1931

தம்பி வீரசாமிக்கு,

உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்கு மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். இதோடு ராமசந்திரன் எனக்கு எழுதின கடிதத்தை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. தேதியைப் பார்.

படித்தாயா. அதில் இருப்பது எல்லாம் நிஜம். அவனுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது, நீ வயிற்றில் இருந்தாய். காம்பில் மருத்துவச்சி இல்லை. அடுத்த தோட்டத்தில்தான் ஒருத்தி இருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லாததால் அப்பாவுக்கு வெளியே போகச் சீட்டு எழுதிக் கொடுக்கமாட்டார்கள். விடியும்போது கரும்புக்குள்ளேயே நடந்து போனார். போகும்போது என்னிடம், யார் கேட்டாலும் அப்பா காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று சொல் என்றார். நான் சரி என்றேன்.

பேர் கூப்பிடும்போது அப்பா இல்லை. மருதை வந்தான். அதட்டியிருந்தால் காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன். அவன் அதட்டவில்லை. என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டான். அதுவரை என்னை யாரும் அப்படித் தூக்கியதில்லை. மேலிருந்து பார்த்தால் காம்பு முழுக்கத் தெரிந்தது, கரும்புக்கு மேலே கல்மேடு தெரிந்தது. அப்பா எந்தப் பக்கம் போனார் என்று கேட்டான். கையைக் காட்டினேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். இறக்கிவிட்டுவிடுவானோ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் அப்பாவைக் கையைக் கட்டி ரோட்டில் நடத்திக்கொண்டு போனார்கள். என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் நீ பிறந்தாய். பதினாலாம் நாள் சேதி வந்தது. அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மருதை மேல் நான் வைத்த கோபத்தைக் கொண்டு ஐம்பத்தெட்டு வருஷம் நடந்தேன். அது அவன் மேல் இல்லாவிட்டால் என் மேல் திரும்பிவிடும். அந்த வீட்டில் நீ சம்பந்தம் வைத்தால் என்றைக்காவது ஒருநாள் பேச்சுவாக்கில் உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். உனக்கு அப்பா இல்லாமல் போனது யாரால் என்று நீ கேட்பாய் என்று பயந்தேன். அதனால் கப்பலைச் சொன்னேன்.

ராமசந்திரன் கடிதம் எனக்கு 12ஆம் தேதி புதன்கிழமை வந்தது. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். ஒரு வரி எழுதச் சொன்னான். ஞாபகம் தவறிவிட்டது என்று ஊர் முன்னால் எழுத எனக்குக் கை வரவில்லை. அதுதான் நிஜம், அதற்கு மேல் நல்ல காரணம் ஒன்றும் இல்லை. 21ஆம் தேதி காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். மணி பார்த்துக்கொண்டே அறுத்தேன்.

போன வாரம் இந்த ஊருக்கு உரம் காட்ட வந்தான். வேலை முடிந்து என் வாசலுக்கு வந்தான். சண்டை போடுவான் என்று நான் தயாராக இருந்தேன். "கால் எப்படி இருக்கு, அத்தை?" என்றான். தேவலை என்றேன். போய்விட்டான்.

பெரியவர்களிடம் இதைக் காட்டு. என் பேர் போனால் போகட்டும். வேட்டியைத் திருப்ப வழி இருக்கிறதா என்று கேள். சிவகாமிக்கு நீயே சொல். என் எழுத்தை அவள் படிக்க வேண்டாம்.

அலமேலு

காத்ர் போர்ன்
20 டிசம்பர் 1931

அக்கா அவர்களுக்கு,

வீரசாமி எழுதுவது. பாக்கியம் இருக்கிறாள். வெயில் வந்ததால் மூச்சு தேவலை.

உங்கள் கடிதத்தைச் சிவகாமிதான் படித்தாள். என் கண்ணில் பூ விழுந்து ஆறு மாதம் ஆகிறது. உங்கள் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் படித்துக் காட்டுகிறாள், நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள். என்னிடம் எழுதப் பழகியவள், கையெழுத்தும் என்னுடையது மாதிரியே இருக்கும். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று முன்னால் சொல்லவில்லை. படிக்க வேண்டாம் என்ற வரி கடைசியில் இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

குரல் எங்கும் நிற்கவில்லை. முடித்துவிட்டு, 12ஆம் தேதியிலிருந்து 21ஆம் தேதி வரைக்கும் விரல் விட்டு எண்ணினாள். "ஒன்பது நாள்" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பெரியவர்களிடம் கேட்டேன். கப்பல் வேறு என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சாமி முன்னால் அண்ணா என்று கூப்பிட்டு வேட்டி கொடுத்த பிறகு அது கப்பல் முறை இல்லை, கோயில் முறை, அதை அவிழ்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். நான் இன்னொரு முறை கேட்டேன். வீரசாமி, உன் பெண்ணை அண்ணனுக்கே கொடுத்தாய் என்று பேர் வேண்டுமா என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

ராமசந்திரனிடம் கேட்டேன், ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை, புத்தகத்தில் பார்த்ததைப் பெரியவர்கள் முன்னால் ஏன் நீட்டவில்லை என்று. "அவங்க சொல்ல வேண்டியதுப்பா அது. நான் சொன்னா வியாபாரமாப் போயிரும்" என்றான். முன்பு மாமா என்று கூப்பிட்டவன், இப்போது அப்பா என்கிறான். அதுதான் முறை.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருகிறான். வராந்தாவில் உட்காருகிறான். சிவகாமி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். தங்கைக்கு இடம் பார்ப்பது அண்ணன் பொறுப்பு என்று ஊர் சொல்லிவிட்டது. அவனும் செய்தான். ஒவ்வொரு ஊரிலும் விசாரித்து, பையனின் வேலை, குடி, குணம், வீடு எல்லாம் எழுதிக்கொண்டுவந்தான். ஃப்ளாக் ஊரில் ஒரு வாத்தியார் அமைந்திருக்கிறார். நல்ல இடம். இவளைப் பற்றி அவர்களிடம் அவன் என்ன சொன்னானோ தெரியாது, ஒரு கேள்வி கேட்காமல் சம்மதித்தார்கள். சிவகாமியும் சரி என்றாள். தை மாதம் கல்யாணம்.

எட்டு வயசுப் பிள்ளை கையைக் காட்டியதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் இதை என்றைக்கு என்னிடம் சொல்லியிருந்தாலும் உங்கள் மடியில் தலை வைத்துத்தான் அழுதிருப்பேன். அப்பா கடைசியாகப் போனது எனக்காக மருத்துவச்சியைக் கூப்பிட என்பதையாவது தெரிந்துகொண்டேன். அதற்கு நீங்கள் என்னை இத்தனை வருஷம் காக்க வைத்திருக்க வேண்டாம்.

பந்தலில் மணப்பெண் கையில் பொரி இடுவது கூடப் பிறந்தவன். இவளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை என்று பிறந்த நாளிலிருந்து பாக்கியத்துக்குக் குறை. இப்போது ராமசந்திரன் இடுவான். சிவகாமி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்பாள், அவன் பொரியைப் போடுவான், நெருப்பில் விடுவார்கள். அதை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பத்திரிகை அனுப்பவில்லை.

வீரசாமி

அத்தை, அப்பா சொல்ல நான் எழுதினேன். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.
சிவகாமி